தலைவர் கொலையும் திரைப்படத் தகராறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிக்ஃபீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் இயக்கக் கூட்டம், திரையிடல், புலனக் (வாட்ஸ்அப்) குழு என்று எங்கே நிஜத் தலைவர்களின் கொலையை எடுத்த படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் அதே ஐயங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். வேறு நாட்டின் பெயர் சொல்லாத இடத்தில் சட்டம் என்றால் மலேசியச் சட்டம்.

சினிமாவுல எத்தனையோ மந்திரிய சுட்டுத் தள்ளுறாங்க, யாரும் கேக்கறதில்ல. நிஜத் தலைவர் படம்னா மட்டும் ஏன் இவ்வளவு கலாட்டா?

கற்பனை மந்திரிக்குக் குடும்பம் கிடையாது, கட்சி கிடையாது, நிலுவையில் வழக்கும் கிடையாது. நிஜத் தலைவருக்கு மூன்றும் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: தலைவர் சாகிற காட்சிக்காகச் சண்டை வருவது அபூர்வம். யார் கொன்றார், யார் ஏவினார், கொன்றவர் எப்படிப்பட்ட ஆள் என்று படம் சொல்லும் பதிலுக்குத்தான் சண்டை.

மகாத்மா காந்தியையே எடுத்துக்கொள்வோம். 1982-ல் வந்த ‘காந்தி’ படம் 1948 ஜனவரி 30 கொலையோடுதான் தொடங்குகிறது. அந்தப் படத்துக்கு இந்திய அரசு நிறுவனமே பணம் போட்டது. அதே கொலையை எடுத்த ‘நைன் அவர்ஸ் டு ராமா’ 1963-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இரண்டிலும் சுடுவது கோட்சேதான், விழுவது காந்திதான். இரண்டாவது படம் கோட்சேயின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மனசுக்குள் எட்டிப் பார்த்தது. பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

ராஜீவ் காந்தி கொலைய வச்சு வந்த படம் எது எது? எல்லாத்துக்கும் தடையா?

கொலை நடந்தது 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூரில். சுடச்சுட எடுக்கப்பட்டது ஆர்.கே. செல்வமணியின் ‘குற்றப்பத்திரிகை’. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எடுத்த படம் தணிக்கையில் மாட்டி, நீதிமன்றம் ஏறி இறங்கி, 2007-ல்தான் திரைக்கு வந்தது. கொலையை நடத்திய சிவராசன் கூட்டத்தின் கடைசி நாள்களைச் சொல்லும் கன்னடப் படம் ‘சயனைட்’ 2006-ல் வந்தது; அதன் தமிழ் வடிவம் ‘குப்பி’. மலையாளத்தில் 2007-ல் ‘மிஷன் 90 டேஸ்’. பின்னால் வந்த இவை பெரும்பாலும் துப்பறியும் கதைகள். அதனால் எதிர்ப்பும் குறைவு.

பெரிய புயல் 2013 ஆகஸ்டில், இலங்கைப் போரையும் இந்தக் கொலையையும் வைத்து எடுத்த இந்திப் படம் ‘மெட்ராஸ் கஃபே’யால் வந்தது. தமிழ்நாட்டுத் தமிழ் அமைப்புகள் எதிர்த்தன, அங்கே திரையரங்குகள் ஒதுங்கிக்கொண்டன. பிரிட்டனிலும் பெரிய திரையரங்கு நிறுவனங்கள் கையை விரித்துவிட்டன. இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் கையில் இருந்தும் இந்த நிலை. 2025-ல் ‘தி ஹன்ட்’ என்ற தொடர் உண்மைப் பெயர்களோடு இணையத்தில் வந்தது. அதற்குள் காலம் மாறியிருந்தது: வழக்கில் சிறையில் இருந்த ஏழு பேரில் பேரறிவாளன் 2022 மேயிலும் மற்ற ஆறு பேர் அதே ஆண்டு நவம்பரிலும் விடுதலையாகிவிட்டார்கள்.

வழக்கு நடக்கும்போது படம் எடுத்தா என்ன தப்பு? பேப்பர்ல எல்லாம் எழுதறாங்கதானே?

பேப்பர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதும். படத்தில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. ஒருவரைத் திரையில் சதி செய்ய வைத்தாலே பார்ப்பவர் மனதில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ராஜீவ் வழக்கில் 1998 ஜனவரியில் பயங்கரவாத வழக்குகளுக்கான தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மேயில் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு ஆயுள் என்று நிறுத்திக்கொண்டு, மற்ற 19 பேரையும் கொலைச்சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. 1992-ல் வெளிவரும் படம் அந்த 19 பேரையும் கொலைச் சதிகாரர்களாகக் காட்டியிருக்கலாம்.

‘குற்றப்பத்திரிகை’யை இழுத்தடித்தது சரியா என்றால், பதினைந்து வருடம் அநியாயம். ஆனால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை பொறுக்கச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பேர மாத்திட்டு, ‘இது கற்பனைக் கதை’ன்னு ஒரு அட்டை போட்டுட்டா தப்பிச்சிடலாமா?

அந்த அட்டை பிறந்ததே ஓர் அரசியல் கொலைப் படத்தால்தான். 1932-ல் எம்ஜிஎம் நிறுவனம் ரஷ்ய அரசவையில் செல்வாக்கோடு இருந்த சாமியார் ரஸ்புடினின் கொலையைப் படமாக்கியது. 1916-ல் அவரைக் கொன்ற கூட்டத்தில் இளவரசர் யூசுபோவ் இருந்தார். படத்தில் வேறு பெயரில் ஓர் இளவரசியை ரஸ்புடின் கெடுத்ததாகக் காட்டினார்கள். அது என்னைத்தான் குறிக்கிறது என்று யூசுபோவின் மனைவி லண்டனில் வழக்குப் போட்டு 1934-ல் 25,000 பவுண்டு இழப்பீடு வாங்கினார். பெயரை மாற்றியிருந்தும் நிறுவனம் தோற்றது. அதன் பிறகுதான் ‘யாரையும் குறிப்பன அல்ல’ என்ற வரி உலகமெங்கும் பரவியது.

பார்ப்பவர் ‘இது இன்னார்தான்’ என்று கண்டுபிடிக்க முடிந்தால் அட்டை காப்பாற்றாது. நம் நீதிமன்றங்களும் ஆங்கிலேய அவதூறுச் சட்டத்தின் வழி வந்தவை என்பதால் இங்கேயும் அதே பார்வைதான். ‘மெட்ராஸ் கஃபே’யில் இயக்கத்தின் பெயர் எல்டிஎஃப், தலைவர் பெயர் அண்ணா பாஸ்கரன். யாராவது ஏமாந்தார்களா? இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டது 1969-ல் வந்த ‘இசட்’. கிரேக்க அரசியல்வாதி லம்பிராகிஸ் 1963-ல் கொல்லப்பட்டதை வைத்து எடுத்த படம் அது. உண்மை ஆள்களோடு ஒற்றுமை இருந்தால் அது தற்செயல் இல்லை, வேண்டுமென்றே செய்தது என்று முகப்பிலேயே போட்டார்கள். கிரேக்க ராணுவ ஆட்சி படத்தைத் தடை செய்தது.

செத்துப் போனவருக்கு மானநஷ்டம் உண்டா?

சிவில் வழக்குக்கு இடமில்லை. அவதூறு வழக்கு போடும் உரிமை ஆளோடு போய்விடுகிறது. குற்றவியல் சட்டம் வேறு. தண்டனைச் சட்டம் 499-வது பிரிவின் முதல் விளக்கம், இறந்தவரைப் பற்றிச் சொல்வதும் அவதூறு ஆகலாம் என்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனை: உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுக்கும் சொல்லாக இருக்க வேண்டும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கமும் இருக்க வேண்டும்.

நடைமுறையில் இறந்த தலைவரைவிட, அவரோடு அன்று இருந்து இன்னும் உயிரோடிருப்பவர்களால்தான் தயாரிப்பாளருக்குத் தலைவலி. வழக்கறிஞரிடம் திரைக்கதையைக் கொடுக்கும்போது முதலில் அந்தப் பட்டியலைக் கொடுங்கள்: உயிரோடிருப்பவர் யார், எந்தக் காட்சியில் வருகிறார், அந்தக் காட்சிக்கு என்ன ஆதாரம்.

பழைய நிஜக் காட்சிய நடுவுல சேர்த்தா படத்துக்கு வலு கூடும்தானே?

வலு கூடும், வில்லங்கமும் கூடும். தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹீயை 1979 அக்டோபர் 26 அன்று விருந்தில் சுட்டுக் கொன்றவர் அவருடைய உளவுத்துறைத் தலைவரேதான். 2005-ல் அதைக் கறுப்பு நகைச்சுவையாக எடுத்தார்கள். அதிபரின் மகன் வழக்குப் போட்டார். சோல் நீதிமன்றம் கொலைக் காட்சியில் கை வைக்கவில்லை. படத்தின் முன்னும் பின்னும் சேர்த்திருந்த உண்மையான ஆவணக் காட்சிகள் 3 நிமிடம் 50 வினாடியை வெட்டச் சொன்னது. நிஜக் காட்சியும் நடிப்பும் அடுத்தடுத்து வந்தால், நடிப்பையும் மக்கள் நிஜம் என்று நம்புவார்கள் என்பது காரணம். படக்குழு அந்த இடத்தில் வெறும் கறுப்புத் திரையை ஓடவிட்டது.

காட்சி யாருடைய சொத்து என்ற கேள்வியும் உண்டு. கென்னடி சுடப்பட்டதை ஸப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் 8 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்தார்: 26 வினாடி, 486 சட்டகம். ‘லைஃப்’ இதழ் உரிமையை வாங்கிப் பூட்டி வைத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் மக்கள் அதை ஓடும் படமாகப் பார்க்க 1975 ஆனது. 1999-ல் அரசு அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த விலை 1.6 கோடி டாலர். ராஜீவ் கொலையில் இதற்கு இணையானது புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா. குண்டில் அவர் இறந்தார், கேமரா பிழைத்தது. உள்ளே பத்துப் படங்கள். மாலையோடு கூட்டத்தில் காத்து நிற்கும் தற்கொலைக் குண்டுதாரி தனுவும், வெள்ளைக் குர்தாவில் சிவராசனும் உலகத்துக்குத் தெரிந்தது அந்தச் சுருளால். பிறகு வந்த படங்கள் பல, உடையும் மாலையும் ஆள்கள் நிற்கும் இடமும் உட்பட, அந்தப் பத்துப் படங்களைப் பார்த்தே காட்சி அமைத்தன.

உயிரோட இருக்கிற தலைவர கொல்ற மாதிரி எடுத்தாங்களாமே, அது எப்படி விட்டாங்க?

இரண்டு உதாரணங்கள் பிரபலம். 2006-ல் பிரிட்டனில் எடுத்த ‘டெத் ஆஃப் எ பிரெசிடென்ட்’, புஷ் பதவியில் இருக்கும்போதே அவர் 2007 அக்டோபரில் சுடப்படுவதாகக் காட்டியது. நடிகர் உடம்பில் கணினி வழியாக புஷ் முகத்தை ஒட்டினார்கள். அமெரிக்காவில் தடை இல்லை, ஆனால் இரண்டு பெரிய திரையரங்கு நிறுவனங்கள் எடுக்க மறுத்தன. படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொலை சில நிமிடம்தான், மீதி முழுக்க அவசரமாக ஒரு சிரியா நாட்டவரைப் பலியாடாக்கும் கதை.

இன்னொன்று 2014-ல் சோனி எடுத்த ‘தி இன்டர்வியூ’; வடகொரியாவின் கிம் ஜாங் உன் கொல்லப்படும் நகைச்சுவைப் படம். நவம்பரில் சோனியின் கணினிகள் ஊடுருவப்பட்டு உள் மின்னஞ்சல்கள் வெளியே கொட்டின. அடுத்துத் திரையரங்குகளுக்கு மிரட்டல். வெளியீட்டை ரத்து செய்து, பிறகு மனம் மாறி, கிறிஸ்மஸ் சமயத்தில் இணையத்திலும் சிறிய அரங்குகளிலும் விட்டார்கள். இந்த இரண்டு படத்தையும் ஒரே தட்டில் வைக்க எங்களுக்கு மனமில்லை. முதலாவது கேள்வி கேட்கிறது, இரண்டாவது கிச்சுகிச்சு மூட்டுகிறது. மிரட்டல் என்னவோ இரண்டாவதற்குத்தான் கூடுதல்.

மலேசியாவுல இந்த மாதிரி படத்த யார் பாத்து முடிவு பண்றாங்க?

உள்துறை அமைச்சின் கீழ் இருக்கும் திரைப்படத் தணிக்கை வாரியம், அதாவது எல்பிஎஃப். சட்டம் 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம். அவர்கள் பார்ப்பது நான்கு: பாதுகாப்பும் பொது ஒழுங்கும், சமயம், சமூகப் பண்பாடு, ஒழுக்கம். தலைவர் கொலைப் படம் முதலாவதில்தான் விழும். வகைப்பாடு இப்போது யூ, பி12, 13, 16, 18. வெட்டச் சொன்னாலோ மறுத்தாலோ மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். வாரியம் விட்டாலும் தடுக்கும் அதிகாரம் அமைச்சரிடம் உண்டு. அதற்கு உதாரணம் கடைசிக் கேள்வியில்.

தமிழ்நாட்டுல தடைன்னா இங்கயும் தடைதானா?

இல்லை. இரண்டு நாட்டுக்கும் நோவு வேறு வேறு இடத்தில். 2018-ல் ‘பத்மாவத்’ படத்தை எதிர்த்து வட இந்தியாவில் ராஜபுத்திரர்கள் தெருவில் இறங்கினார்கள், ராணியின் மானம் என்று. இங்கே நம் வாரியம் அதே படத்தைத் தடுத்தது, சுல்தான் அலாவுதீன் கில்ஜியைக் காட்டிய விதம் முஸ்லிம்களின் உணர்வைப் பாதிக்கும் என்று. படத்திலேயே அலாவுதீன் தனக்கு முன் சுல்தானாக இருந்த தன் சித்தப்பாவைக் கொல்லும் காட்சி இருக்கிறது, அது 1296-ல் நடந்த வரலாறு.

மாநில அரசு தடுக்க முடியுமா என்று பினாங்கில் கேட்பார்கள். தணிக்கை கூட்டரசின் அதிகாரம். ‘மெட்ராஸ் கஃபே’ வந்த அதே 2013 ஆகஸ்ட் கடைசியில், துன் ரசாக், துன் டாக்டர் இஸ்மாயில் பற்றிய ‘தண்டா புத்ரா’ வெளியானது. 1969 மே 13 இனக் கலவரக் காட்சிகள் இன ஒற்றுமையைக் கெடுக்கும் என்று பினாங்கு முதலமைச்சர் திரையரங்குகளிடம் வேண்டுகோள் வைத்தார். அது வேண்டுகோள்தான், தடை ஆணை இல்லை. ஆகவே ஒரு படம் ‘நின்றுவிட்டது’ என்று கேட்டால் யார் நிறுத்தியது என்று பாருங்கள்: வாரியமா, அமைச்சரா, நீதிமன்றமா, பயந்துபோன திரையரங்கா? கடைசி ஆளுக்கு எதிராக மேல்முறையீடு செய்ய வழியே இல்லை.

எங்க இயக்க மண்டபத்துல ஐம்பது பேருக்கு மட்டும் போட்டுக் காட்டறோம், டிக்கெட் இல்ல. அதுக்குமா அனுமதி?

ஆம். இலவசமா, எத்தனை பேர் என்பது கணக்கில்லை. தணிக்கைச் சட்டத்தின் 6-வது பிரிவு வாரியம் அங்கீகரிக்காத படத்தைக் காட்டுவதையும், பரப்புவதையும், வைத்திருப்பதையும்கூடக் குற்றம் என்கிறது. தண்டனை 5,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2013 ஜூலை 3 அன்று கோலாலம்பூரில் சீனர் அசெம்பிளி மண்டபத்தில் இலங்கைப் போரின் கடைசி நாள்களைக் காட்டும் ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படம் திரையிடப்பட்டது. ஏற்பாட்டாளர்களில் ஒருவரான லீனா ஹென்ட்ரி மீது வழக்கு. ஒருமுறை விடுவிக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் அதை மாற்றி, 2017-ல் 10,000 ரிங்கிட் அபராதம். அந்த வழக்கில் படம் உண்மையா பொய்யா என்று யாரும் விசாரிக்கவில்லை. சான்றிதழ் இருந்ததா என்பது மட்டுமே கேள்வி.

ஆக வரிசை இது. முதலில் உரிமையாளரிடம் எழுத்து அனுமதி. கடையில் வாங்கிய டிவிடி வீட்டில் பார்க்க மட்டும். இரண்டாவது வாரியத்தின் அங்கீகாரம். இங்கே ஏற்கெனவே திரைக்கு வந்த படம் என்றால் அதே வடிவத்தைத்தான் போட வேண்டும், வெட்டாத வெளிநாட்டு வடிவம் வேறு படமாகக் கருதப்படும். மூன்றாவது மண்டபத்துக்குக் கேளிக்கை உரிமம் வேண்டுமா என்று மாநகர மன்றத்தின், அதாவது கோலாலம்பூரில் டிபிகேஎல் அல்லது பினாங்கில் எம்பிபிபி, அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் மூன்றாவதை மட்டும் முடித்துவிட்டு எல்லாம் சரி என்று நோட்டீஸ் அடித்துவிடுகிறார்கள்.

அப்ப வீட்டுல ஓடிடியில பாக்கறது? புலனத்துல படம், போஸ்டர் அனுப்பறது?

இணைய ஒளிவழிகள் தணிக்கை வாரியத்தின் கையில் இல்லை. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இந்தியாவிலும் இப்படித்தான். 2021-ல் ஈழப் போராளிகளைத் தவறாகக் காட்டுகிறது என்று ‘ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பாகத்தை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாட்டு அமைச்சர் டெல்லிக்குக் கடிதம் எழுதினார், தொடர் குறித்த நேரத்தில் வந்துவிட்டது. நீங்கள் வீட்டில் பார்ப்பது பிரச்சினை இல்லை. அதையே மண்டபத் திரையில் போட்டால் முந்தைய பதிலுக்குத் திரும்புங்கள்.

அனுப்புவதில் கவனம் வேண்டும். விடுதலைப் புலிகள் அமைப்பை மலேசியா 2014 நவம்பரில் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய அமைப்பு தொடர்பான பொருள்களை வைத்திருப்பது தண்டனைச் சட்டம் 130ஜேபி பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். 2019 அக்டோபரில் சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்பட 12 பேர் கைதானபோது கைப்பேசிப் படங்களும் முகநூல் படங்களும் பேசப்பட்டன. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொண்டார். ஆனாலும் அதுவரை உள்ளே இருந்த மாதங்கள் திரும்பி வராது. திரைப்படத்தின் போஸ்டர் வேறு, புலிகளின் கொடியும் அவர்கள் தலைவர் படமும் போட்டு யாரோ ஒட்டிய அட்டை வேறு. இரண்டாவதை ‘சினிமாதானே’ என்று அனுப்ப வேண்டாம்.

கொன்னவன ஹீரோவா காட்டினா அது கொலைக்குத் தூண்டுறது இல்லையா?

இந்திய அரசு அப்படித்தான் நினைத்தது: இந்திரா காந்தியைச் சுட்ட மெய்க்காவலர்களைப் பற்றிய பஞ்சாபிப் படம் ‘கௌம் தே ஹீரே’ 2014 ஆகஸ்டில், வெளியாக ஒரு நாள் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் ஊரில் நின்று பதில் சொல்வது சுலபமில்லை. 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச்சைக் கொன்றதற்காக மகாராஜா லேலாவைத் தூக்கில் போட்டார்கள். இன்று கோலாலம்பூரில் பர்ச் சாலையின் பெயரே ஜாலான் மகாராஜாலேலா. மோனோரயிலில் தினம் அவர் பெயரைக் கேட்கிறோம். 1699-ல் கோத்தா திங்கியில் சுல்தான் மஹ்மூத் கொல்லப்பட்ட கதையை 1961-லேயே மலாய்ப் படமாக எடுத்தாகிவிட்டது.

எங்கள் பார்வையில், கொன்றவருக்குக் காரணம் கொடுப்பது தூண்டுதல் ஆகாது. செத்தவரை ஒரு முகமில்லாத பொம்மையாக்கி, கொலையை விழாவாக எடுப்பதுதான் கேள்விக்குரியது. ராஜீவோடு அன்று இரவு இறந்தவர்களில் காவலர்களும் கூட்டத்துக்கு வந்த சாதாரண மக்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு முகமாவது கொடுத்திருக்கிறதா என்று பார்த்தாலே படத்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

படத்துல சொன்னத வரலாறுன்னு எடுத்துக்கலாமா? பையன் பரீட்சையில அப்படியே எழுதிட்டான்!

கூடாது. 1991-ல் வந்த ‘ஜேஎஃப்கே’ கென்னடி கொலைக்குப் பெரிய சதி என்றது. அதில் பல உரையாடல்கள் புனைவு. கறுப்பு வெள்ளையில் புதிதாக எடுத்த காட்சிகள் பழைய ஆவணம்போலத் தெரியும், கொரிய நீதிமன்றம் பயந்தது இதற்குத்தான். ஆனாலும் அந்தப் படம் கிளப்பிய சத்தத்தால் 1992-ல் அமெரிக்கா சட்டம் போட்டுக் கொலை ஆவணங்களைத் திறக்க வேண்டி வந்தது. பதில் தவறானாலும் கேள்வி பயன்பட்டது. பையனிடம், படத்தில் வந்த தேதியையும் தீர்ப்பையும் நீதிமன்றத் தீர்ப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள். ராஜீவ் வழக்கில் 1999 தீர்ப்பு இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது.

நம்ம பையன் ஒருத்தன் கர்னி கொலைய படமா எடுக்கப் போறானாம். இங்க தாண்டுமா?

பினாங்கில் கர்னி டிரைவ் போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது: சர் ஹென்றி கர்னி 1951 அக்டோபர் 6 அன்று ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் பதுங்கித் தாக்குதலில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனர். கொலையைக் காட்டுவது இங்கே தடையாகாது. கம்யூனிஸ்டுகளை எப்படிக் காட்டுகிறார் என்பதில்தான் சிக்கல். 2006-ல் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் வாழ்க்கையைத் தொட்ட ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’ ஆவணப்படம் வாரியத்தைத் தாண்டிவிட்டது. படத்தில் சின் பெங் தலையே காட்டவில்லை. பத்திரிகை எதிர்ப்புக் கிளம்பியதும், வெளியீட்டுக்குச் சில நாள்கள் முன்னால் உள்துறை அமைச்சு தடுத்துவிட்டது.

எடுப்பதென்றால் படப்பிடிப்புக்கு முன்பே தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸின் உரிமங்களை வாங்கிக்கொள்ளட்டும். கெரில்லாக்கள் தரப்புக் காட்சிகளை, வெட்டினாலும் கதை நிற்கும்படி தனித்தனியாக எழுதட்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஆதாரத்தை ஒரு கோப்பில் வைத்திருக்கட்டும், மேல்முறையீட்டுக் குழுவின் முன் பேச அதுதான் கை கொடுக்கும். அமைச்சர் கடைசி நாளில் தடுக்கக்கூடும் என்பதை வைத்து, விளம்பரச் செலவை வெளியீட்டு வாரத்துக்குத் தள்ளி வைப்பது புத்திசாலித்தனம்.